நாற்பது பாரம்

ஈஸ்டருக்கு முந்தின வியாழக்கிழமை, டென்னிஸ் க்ளப் வராந்தாவில் செயலாளர் ஜேகோ ஒட்டிவிட்டுப் போன போட்டித் தாளைப் படித்ததும் ஹெக்டர் ட்ரெம்பத்துக்கு இரண்டு காதும் சூடேறிவிட்டன. ஒரு தடவை படித்தான். கண்ணாடியைத் துடைத்துக்கொண்டு மறுபடி படித்தான். எழுத்து மாறவில்லை.

கில்லிஸ் – நாற்பது பாரம். ட்ரெம்பத் – பாரம் இல்லை.

பக்கத்தில் வந்து நின்ற பல் டாக்டர் பாஸ்கோவும் அதைப் படித்தார். வாயில் இருந்த சுங்கானை எடுக்காமலே சொன்னார்: "என்ன ஹெக்டர், முதுகு லேசாயிடுச்சு போல. இனிமே நிமிந்து நடக்கலாம்."

"உங்களுக்கு எவ்வளவு போட்டிருக்கார்?"

"எனக்கென்ன, வழக்கம்போல ரெண்டு புள்ளி தானம். வாங்கிக்கறவனுக்கு வெக்கம் எதுக்கு?"

இந்த இடத்தில் ஒன்றைச் சொல்லியாக வேண்டும். ஆஸ்திரேலியாவின் தங்கச் சுரங்க ஊரான எங்கள் பெண்டிகோவில் ஈஸ்டர் போட்டி சாதாரணப் போட்டி அல்ல. குதிரைப் பந்தயத்தில் நல்ல குதிரையின் சேணத்தில் ஈயம் கட்டுவார்கள் இல்லையா, அதே கணக்கு. நன்றாக ஆடுகிறவனை ஒவ்வொரு ஆட்டத்திலும் பூஜ்யத்துக்குக் கீழே நிறுத்திவிடுவார்கள்; சுமாராக ஆடுகிறவனுக்கு முன்கூட்டியே சில புள்ளிகளைத் தானமாகக் கொடுப்பார்கள். நாற்பது பாரம் என்றால், எதிராளி பூஜ்யத்தில் காலாட்டிக்கொண்டு உட்கார்ந்திருக்க, இவன் பதினைந்து, முப்பது, நாற்பது என்று மூன்று புள்ளி சம்பாதித்த பிறகுதான் பூஜ்யத்துக்கே வர முடியும். வெளியூர்க்காரனுக்கு இது தண்டனையாகத் தெரியும். எங்கள் ஊரில் யாருக்குப் பாரம் அதிகமோ அவனுக்குத்தான் மரியாதை அதிகம். நாற்பது பாரக்காரன் தெருவில் போனால் சுரங்கத்து ஆட்கள்கூடத் தொப்பியைத் தொடுவார்கள். ஒன்பது வருஷமாக அந்த நாற்பது, ஹெக்டர் பெயருக்கு நேரே இருந்தது. அவ்வளவு பாரத்தோடும் அவன் ஜெயித்துக்கொண்டே இருந்தான். ரூபர்ட் கில்லிஸை அடித்தது எத்தனை தடவை என்று அவனுக்கே எண்ணிக்கை விட்டுப்போயிற்று.

இப்போது பாரம் கில்லிஸுக்குப் போய்விட்டது. காரணம் பெர்த்.

ஆஸ்திரேலியா, நியூசிலாந்து இரண்டுக்கும் சேர்த்து நடக்கிற பெரிய பட்டப் போட்டி ஒரு வருஷம் ஓர் ஊர் என்று சுற்றிவரும். போன தடவை மேற்குக் கரையில் பெர்த்துக்குப் போயிற்று. அந்தக் காலத்தில் பெர்த்துக்கு ரயில் கிடையாது. மெல்போர்னில் கப்பல் ஏறி, நாட்டின் வயிற்றைச் சுற்றிக்கொண்டு போகும் அந்த வளைகுடாவை ஒரு வாரம் கடக்க வேண்டும். அதன் அலையைப் பற்றிக் கேள்விப்பட்டவன் ஜென்மத்துக்கும் கரையிலேயே இருந்துவிடலாம் என்றுதான் நினைப்பான். ஹெக்டரும் கில்லிஸும் சேர்ந்து போவதாக ஏற்பாடு. ஹெக்டரின் மனைவி ஆலிவ் அவனுடைய வெள்ளைக் கால்சட்டைகளை இஸ்திரி போட்டுப் பெட்டிகூடக் கட்டிவிட்டாள். புறப்பட இரண்டு நாள் இருக்கும்போது ஹெக்டர், "எனக்குக் கடல் ஒத்துக்காதுப்பா. வயிறு ஒரு மாதிரி" என்று சொல்லிவிட்டான். கில்லிஸின் மட்டை விரிசல் விட்டிருந்தது. ஸ்டேஷனுக்கு வழியனுப்பப் போன ஹெக்டர் தன் பழைய மட்டையை ஜன்னல் வழியாகக் கொடுத்தான். "இத வெச்சுக்கோ, எனக்குத் தேவையில்ல. முதல் சுற்று தாண்டினா தந்தி அடி" என்றான். பிளாட்பாரத்தில் எல்லாரும் சிரித்தார்கள்.

தந்தி வந்தது. கில்லிஸ் பட்டம் வென்றுவிட்டான்.

ஹெக்டர் கேட்டுப் பார்த்தான். பெர்த்துக்கு யார் யார் போனார்கள்? பேர்பெற்றவர்களில் பாதிப்பேர் அவனைப் போலவே கடலுக்குப் பயந்தோ, காசுக்கு அழுதோ வீட்டிலேயே இருந்துவிட்டார்கள். அடிலெய்டிலிருந்து இரண்டு பேர். ஆடு வாங்கப் போன ஒருவன். மிச்சம் உள்ளூர்க்காரர்கள். ஆலை இல்லாத ஊரில் இலுப்பைப்பூ சர்க்கரை. இதை அவன் கடைக்கு வந்த ஒவ்வொருவரிடமும் சொன்னான். கேட்டவர்கள் ஆணியையோ கயிற்றையோ வாங்கிக்கொண்டு, "அதுவும் சரிதான்" என்று சொல்லிவிட்டுத் தெருவைக் கடந்து எதிர்ச் சாரிக்குப் போனார்கள்.

எதிர்ச் சாரியில்தான் கில்லிஸ் வேலை பார்க்கும் மருந்துக்கடை இருந்தது. ஹெக்டரின் இரும்புச் சாமான் கடைக்கு நேர் எதிரே. மருந்துக்கடைக்காரர் கெட்டிக்காரர். ஜன்னலில் பச்சை, சிவப்பு நீர் நிரப்பிய இரண்டு பெரிய கண்ணாடிக் குடுவைகளுக்கு நடுவில் கில்லிஸின் வெள்ளிக் கோப்பையை வைத்துவிட்டார். அதற்கு மேலே, கோப்பையை வென்ற மட்டை. கைப்பிடியில் H.T. என்று சூட்டுக்கோலால் போட்ட எழுத்து. மத்தியான வெயிலில் கோப்பை பளீரென்று அடித்து, ஹெக்டர் கல்லாவில் உட்கார்ந்தால் சரியாக அவன் கண்ணில் வந்து விழும். ஓர் ஓலைத் தட்டியைத் தொங்கவிட்டுப் பார்த்தான். தட்டியின் இடுக்கு வழியாகவும் வந்தது. இருமல் இல்லாதவர்களெல்லாம் இருமல் மாத்திரை வாங்கப் போனார்கள். ஆலிவே ஒருநாள் போய் வந்தாள். அன்று இரவு ஹெக்டர் அவளோடு பேசவில்லை.

பொறாமை என்று அவன் ஒருநாளும் ஒப்புக்கொண்டதில்லை. அநியாயத்தைக் கண்டால் தனக்கு வயிறெரிகிறது என்றுதான் சொல்வான். எரிந்தது வயிறு என்பது மட்டும் நிஜம்.

புனித வெள்ளியன்று சர்ச் முடிந்து வெளியே வந்த ஜேகோவை அவன் வேலியோரமாக மடக்கினான். ஜேகோ பாங்கு மானேஜராக இருந்து ஓய்வுபெற்றவர். க்ளப் செயலாளர், பாரம் நிர்ணயிப்பவர், இறுதியாட்டத்துக்கு நடுவர், எல்லாம் அவரேதான். வேறு யாரும் அந்த வேலைகளைக் கேட்டதில்லை, அவரும் கொடுத்ததில்லை.

"மிஸ்டர் ஜேகோ, என் பேருக்கு நேரே தப்பா எழுதியிருக்கீங்க."

"தப்பா? எழுத்துப் பிழையா?"

"பாரம். எனக்கு நாப்பது வரணும். ஒன்பது வருஷமா அதான்."

ஜேகோ சர்ச்சுக்கு வந்த பெண்களுக்கெல்லாம் ஒவ்வொருவராகத் தலையசைத்து முடித்துவிட்டுத்தான் இவன் பக்கம் திரும்பினார். "ஊர்ல ஒருத்தனுக்குத்தான் நாப்பது போடறது வழக்கம். அது உனக்கே தெரியும். நாட்டுக்கே சாம்பியன் ஒருத்தன் ஊர்ல இருக்கும்போது அவனை வெறுங்கையோட நிக்க வெச்சு, உன் தோள்ல ஏத்தினா மெல்போர்ன்காரன் சிரிக்க மாட்டானா?"

"ரெண்டு பேருக்கும் போடுங்க. சரிக்குச் சரி ஆடறோம். அவன் என்னை ஒரு தடவை, ஒரே ஒரு தடவை ஜெயிச்சிருக்கானா, சொல்லுங்க?"

"பெர்த்ல ஜெயிச்சானே."

"பெர்த்ல நான் இல்லையே."

"அதத்தான் நானும் சொல்றேன்" என்றார் ஜேகோ. தொப்பியைப் போட்டுக்கொண்டார். "பாரம் கேட்டு வாங்கற சாமான் இல்லப்பா. போ, வீட்டுக்குப் போய் பன் சாப்பிடு. ஆறிடும்."

வீட்டில் புனித வெள்ளிக்கென்று சுட்ட பன் ஆறியிருந்தது. ஹெக்டர் அதில் வெண்ணெய் தடவிய வேகத்துக்கு அது இரண்டாகப் பிளந்துவிட்டது. ஆலிவ் திங்கட்கிழமைத் தேநீர் விருந்துக்காக முட்டை அடித்துக்கொண்டிருந்தாள். க்ளப் பெண்கள் ஒவ்வொருவரும் ஒரு கேக் கொண்டுவர வேண்டும். ஆலிவின் கேக்குக்கு ஊரில் பேர் உண்டு. அதற்கு யாரும் பாரம் ஏற்றியதில்லை.

"கிழவன் என்ன சொன்னார்?"

"கண்ணவிஞ்ச மனுஷன். வயசாயிடுச்சு."

"பாரம் இல்லாம ஆடினா சுலபமா ஜெயிச்சிடலாமே. வெள்ளித் தேநீர்க் கெண்டி பரிசு. நம்ம கெண்டி மூக்கு உடைஞ்சு கிடக்கு."

"ஜெயிச்சா என்ன சொல்வாங்க? சாம்பியன் மூணு புள்ளி சுமந்துகிட்டு ஆடினான், இவன் சும்மா ஜெயிச்சான்னு சொல்வாங்க. தோத்தா? சும்மா நின்னும் தோத்தான்னு சொல்வாங்க. எப்படிப் போனாலும் என் தலைதான் உருளுது. உனக்குக் கெண்டி பெரிசாப் போச்சு."

"மெல்லப் பேசு, மாவு பறந்து எனக்குத் தும்மல் வருது" என்றாள் ஆலிவ்.

அவளுக்கு வேறொன்றும் தெரியும். கல்யாணமான புதிதில் தேனிலவுக்கு டாஸ்மேனியா போனார்கள். ராத்திரிக் கப்பல். நீரிணையில் அப்படி ஒரு ஆட்டம். கப்பலில் ஒருவர் பாக்கியில்லாமல் வாளியும் கையுமாகக் கிடந்தார்கள். ஆலிவுக்கு உயிர் போய் உயிர் வந்தது. காலையில் சாப்பாட்டு அறையில் தன்னந்தனியாக உட்கார்ந்து, பன்றி இறைச்சியும் முட்டையும் ஒரு தட்டு முடித்து, இன்னொரு தட்டு கேட்டவன் ஹெக்டர். கடல் ஒத்துக்காது என்று அவன் ஊருக்குச் சொன்னபோது ஆலிவ் கட்டிய பெட்டியைப் பிரித்தாளே தவிர, வாயைப் பிரிக்கவில்லை.

சனிக்கிழமை ஹெக்டர் இரண்டு பேரை அடித்தான். கில்லிஸும் நாற்பது பாரத்தைச் சுமந்துகொண்டே இரண்டு பேரை அடித்தான். அரையிறுதியில் பாஸ்கோவிடம் மட்டும் அவன் கொஞ்சம் திணறினான். திங்கட்கிழமை மத்தியானம் இறுதியாட்டத்துக்கு இருவரும் நின்றார்கள்.

தார்த்தளத்தைச் சுற்றி இடமில்லை. பெண்களின் தொப்பிகளுக்கு மேலே எட்டிப் பார்த்துக்கொண்டு ஆண்கள் நின்றார்கள். ஈஸ்டர் கண்காட்சிக்கு ஊருக்கு வந்த வெளியூர்க்காரர்கள், "சாம்பியன் யாரு, சாம்பியன் யாரு" என்று கேட்க, எல்லா விரலும் கில்லிஸையே காட்டின. ஒல்லியான, சிவந்த மூக்குள்ள மனிதன். அவன் ஜன்னலிலிருந்து அந்த மட்டையைக் கழற்றிக்கொண்டு வந்திருந்தான். வலைக்கு அந்தப் பக்கம் தன் மட்டையே தனக்கு எதிராக நிற்பதை ஹெக்டர் பார்த்தான். கையை உதறிக்கொண்டான்.

முதல் ஆட்டத்தில் ஹெக்டர் சர்வீஸ். இரண்டு பந்தையும் வலையில் அடித்தான். ஒரு புள்ளி போயிற்று. மறுபடி இரண்டும் வலையில். கூட்டம் உச்சுக்கொட்டியது. மூன்றாவது தடவையும் அதே. உயரமான நாற்காலியில் இருந்த ஜேகோ கழுத்தை நீட்டிப் பார்த்தார். மூன்று புள்ளி போனதும் கில்லிஸின் பாரம் சரியாக இறங்கிவிட்டது. இரண்டு பேரும் பூஜ்யம். அதன் பிறகு ஹெக்டர் அடித்த நான்கு பந்தை கில்லிஸ் தொடக்கூட இல்லை.

இரண்டாவது ஆட்டத்தில் கில்லிஸ் சர்வீஸ். வந்த முதல் மூன்று பந்தையும் ஹெக்டர் வேலிக்கு மேலே தூக்கித் தெருவுக்கு அனுப்பினான். மூன்றாவது பந்து ஒரு ரொட்டி வண்டிக் குதிரையின் பின்புறத்தில் பட்டது. வண்டிக்காரன் போட்ட வசவு க்ளப் வரை கேட்டது. பெண்கள் கேட்காத மாதிரி இருந்தார்கள். பிறகு சரிக்குச் சரி ஆடி அந்த ஆட்டத்தையும் ஹெக்டர் எடுத்தான். மூன்றாவதும் அப்படியே.

இப்போது கூட்டத்துக்குப் புரிந்துவிட்டது. முணுமுணுப்பு எழுந்தது. பாஸ்கோ சத்தமாகவே சொன்னார்: "அடப்பாவி, கொடுத்த தானத்தைத் திருப்பிக் கொடுக்கறான்."

ஹெக்டருக்குப் பல மாதமாக இல்லாத சந்தோஷம். பாருங்கள், எல்லாரும் கண்ணைத் திறந்து பாருங்கள். சரிக்குச் சரி நின்றால் யார் யார் என்று பாருங்கள். தட்டியின் இடுக்கு வழியாக வந்து குத்திய வெளிச்சத்துக்கெல்லாம் இன்று பதில் சொல்லியாகிவிட்டது என்று நினைத்தான்.

பக்கம் மாறும்போது கில்லிஸ் வலையருகே நின்றுவிட்டான். மூக்கு மட்டுமில்லை, முகம் முழுக்கச் சிவந்திருந்தது.

"என்ன பண்றே ஹெக்டர்?"

"ஆடறேன்."

"முதல் மூணு புள்ளிய ஏன் விடறே?"

"சரிக்குச் சரி ஆடணும்னு ஆசை. உனக்கென்ன நஷ்டம்? பாரம்தானே இறங்குது."

கில்லிஸ் சாதுவான ஆள். மருந்துக்கடையில் கிழவிகள் திட்டினாலும் தாங்கிக்கொள்கிறவன். அவன் குரல் உயர்ந்து ஊரில் யாரும் கேட்டதில்லை. அன்று கேட்டார்கள்.

"அது என் பாரம். நீ இறக்காதே."

"உன்னோடதா? ஒன்பது வருஷம் நான் சுமந்தது."

"ஒன்பது வருஷமும் நான் அந்தத் தாளைப் பாத்துகிட்டு நின்னேன். உன் பேருக்கு நேரே நாப்பது. என் பேருக்கு நேரே பாரம் இல்ல. ஒவ்வொரு ஈஸ்டருக்கும் வீட்டுக்குப் போய்த் தூக்கம் வராமப் படுத்திருக்கேன். தெரியுமா உனக்கு? இந்த வருஷம்தான் முதல் தடவையா எனக்கு எழுதியிருக்காங்க. ஒரு வருஷம். ஒரே ஒரு வருஷம் அத என் தோள்ல இருக்க விட மாட்டியா?"

தன்னைப் பார்த்து ஒருவன் வயிறெரிந்திருக்கிறான் என்ற செய்தி ஹெக்டருக்கு இனிப்பாகத்தான் இருந்தது. ஆனால் தாமதமாக வந்த இனிப்பு.

"முடிஞ்சா சுமந்து காட்டு" என்றான்.

"காட்டறேன்" என்றான் கில்லிஸ்.

அடுத்து நடந்ததை ஊர் இன்னும் சொல்லிச் சிரிக்கிறது. கில்லிஸ் தன் சர்வீஸில் ஒவ்வொரு பந்தையும் வேண்டுமென்றே வலையில் அடித்தான். அவன் பந்தே போடாவிட்டால் ஹெக்டர் எப்படி வேலிக்கு வெளியே அடிப்பான்? விட்ட புள்ளியெல்லாம் ஹெக்டரின் மடியில் வந்து விழுந்து, வேண்டாத ஆட்டம் ஒன்று அவன் கணக்கில் ஏறியது. ஹெக்டருக்கு வெறி பிடித்துவிட்டது. தன் சர்வீஸ் வந்ததும் அவனும் எல்லாவற்றையும் வலையில் அடித்து, அந்த ஆட்டத்தை கில்லிஸுக்குத் தள்ளினான். கில்லிஸ் அடுத்ததைத் திருப்பித் தள்ளினான். இரண்டு பெரிய ஆட்டக்காரர்கள், ஒருவன் நாட்டுக்கே சாம்பியன், வேர்க்க வேர்க்க நின்று வலைக்கு நடுவில் பந்தைச் செருகிக்கொண்டிருந்தார்கள். ஒரு பந்துகூட மறுபக்கம் போகவில்லை. முதலில் சிரிப்பு, பிறகு கைதட்டல், பிறகு ஊளை. வெளியூர்க்காரர் ஒருவர் மனைவியிடம், "இதுக்கா பட்டம் கொடுத்தாங்க?" என்று கேட்டது எல்லாருக்கும் கேட்டது.

ஜேகோ நாற்காலியை விட்டு இறங்கினார். அவர் நடுவில் இறங்கி யாரும் பார்த்ததில்லை. மூட்டுவலிக்காரர். ஒவ்வொரு படியாக இறங்கி முடிக்கும் வரை கூட்டம் மூச்சுவிடாமல் இருந்தது.

"ரெண்டு பேரும் வெளிய போங்க" என்றார். "பரிசு பாஸ்கோவுக்கு."

பாஸ்கோ அப்போது ஆலிவின் கேக்கில் மூன்றாவது துண்டை வாயில் வைத்திருந்தார். அப்படியே எழுந்து, கிரீம் ஒட்டிய மீசையோடு வெள்ளிக் கெண்டியை வாங்கிக்கொண்டார்.

அதற்குள் பெரிய தெருவில் முரசு கேட்டது. ஈஸ்டர் திங்களன்று, தங்கம் தோண்ட வந்து தங்கிவிட்ட சீனர்களின் டிராகன் ஊர்வலம் வரும்போது பெண்டிகோவில் வேறு எதற்கும் ஆள் இருக்காது. டென்னிஸ் கூட்டமும் தொப்பியைப் பிடித்துக்கொண்டு ஓடிற்று. பெண்கள் கேக்குத் தட்டுகளை வலைத்துணியால் மூடிவிட்டுப் போனார்கள். தளத்தில் அவர்கள் இரண்டு பேர் மட்டும் நின்றார்கள். வராந்தாவின் கோடியில் ஆலிவ் கோப்பைகளைக் கழுவிக்கொண்டிருந்தாள்.

"இப்ப பாரமும் இல்ல, கிழவனும் இல்ல" என்றான் ஹெக்டர். "ஒரு செட். வரியா?"

கில்லிஸ் கோட்டுக்குப் பின்னால் போய் நின்றான்.

அந்த செட்டைப் பார்க்க ஊருக்குக் கொடுத்து வைக்கவில்லை. தெருவில் பட்டாசு வெடிக்க, இங்கே பந்து அதைவிடச் சத்தமாக விழுந்தது. கில்லிஸ் ஒரு புள்ளியையும் சும்மா விடவில்லை. விழுந்து முழங்காலைச் சிராய்த்துக்கொண்டு எழுந்து ஓடினான். அவன் பெர்த்தில் எதையோ கற்றுக்கொண்டு வந்திருந்தான். முன்பெல்லாம் பின்தங்கினால் முகம் தொங்கிவிடும். இப்போது தொங்கவில்லை. ஆனாலும் ஹெக்டரின் கை மேலான கை. ஆறுக்கு மூன்று என்று முடித்தான். கடைசிப் பந்து கோட்டின் மேலேயே விழுந்தது. கில்லிஸ் அதைப் பார்த்துவிட்டு, தானே, "உள்ளேதான்" என்றான்.

இருவரும் தண்ணீர்த் தொட்டிக்குப் பக்கத்தில் உட்கார்ந்தார்கள். ஹெக்டருக்கு நெஞ்சு நிறைந்திருந்தது. யாராவது வந்து கேட்க மாட்டார்களா என்று வாசலைப் பார்த்தான். வாசலில் யாரும் இல்லை.

"போய் சொல்லு அவங்ககிட்ட" என்றான்.

"என்னன்னு?"

"நான் உன்னை அடிச்சேன்னு."

"சொல்லணுமா?" கில்லிஸ் முழங்காலில் ஒட்டிய கல்லைத் தட்டிவிட்டான். "நீ என்னைவிட நல்லா ஆடறேன்னு எல்லாருக்கும் தெரியும் ஹெக்டர். பெர்த்லகூட விருந்துல எழுந்து நின்னு சொன்னேன். எங்க ஊர்ல என்னைவிடப் பெரிய கை ஒண்ணு இருக்கு, நான் அவனை ஜெயிச்சதே இல்லன்னு சொன்னேன்."

ஹெக்டர் நிமிர்ந்து உட்கார்ந்தான். "என்ன சொன்னாங்க?"

"அப்ப அவர் ஏன் வரலேன்னு கேட்டாங்க."

"நீ என்ன சொன்னே?"

"அவருக்குக் கடல் ஒத்துக்காதுன்னு சொன்னேன். சிரிச்சாங்க." கில்லிஸ் அவனைப் பார்க்காமல் சொன்னான்: "எனக்கும்தான் ஒத்துக்கல. ஒரு வாரம், வாளிய விட்டு நான் தலையே எடுக்கல. ஃப்ரீமாண்டில் துறைமுகத்துல ரெண்டு பேர் கையைப் பிடிச்சு இறக்கினாங்க. முதல் ஆட்டத்துல தரை ஆடுது, வலையைப் பிடிச்சுகிட்டு நின்னேன். இவங்கள்லாம் யாரு, என்னைப் பத்தி என்ன நினைப்பாங்கன்னு ஒரே பயம் வேற. அங்க ஒருத்தனுக்கும் என் பேர் தெரியாது."

ஹெக்டர் மட்டையின் நரம்புகளை ஒவ்வொன்றாக நேராக்கிக்கொண்டிருந்தான். அங்கே ஒருவனுக்கும் பெயர் தெரியாது. பெட்டி கட்டிய அந்த ராத்திரி படுக்கையில் அவன் புரண்டு புரண்டு யோசித்ததும் அதையேதான். பெண்டிகோவில் அவன் நாற்பது பாரக்காரன். பெர்த்தில் அவன் யார்? முதல் சுற்றிலேயே எவனாவது ஆடு வாங்க வந்தவன் அடித்துவிட்டால் அந்தத் தந்தியும் ஊருக்கு வருமே. வயிறு கலங்கியது உண்மைதான். அப்போது கடல் நூறு மைலுக்கு அப்பால் இருந்தது.

இத்தனை மாதம் அவன் கோப்பையைப் பார்த்து எரிந்தான், மட்டையைப் பார்த்து எரிந்தான், ஒரு தாளில் இருந்த எண்ணைப் பார்த்து எரிந்தான். பக்கத்தில் உட்கார்ந்திருந்த இந்தச் சிவந்த மூக்குக்காரன் வாளியைக் கட்டிக்கொண்டு கப்பலில் கிடந்ததை நினைத்தபோது மற்ற எரிச்சலெல்லாம் ஒன்றுமில்லாமல் போயிற்று. பயத்தோடும் போய் நின்ற அந்தத் துணிச்சலை அவனால் எந்த செட்டிலும் ஜெயித்து வாங்க முடியாது.

"அடுத்த பட்டப் போட்டி சிட்னியில" என்றான் கில்லிஸ் எழுந்துகொண்டே. "நீயும் வா. நீ வந்தா கோப்பை உனக்குத்தான், எனக்குத் தெரியும். இருந்தாலும் வா. இரட்டையர் ஆட்டமும் சேந்து ஆடலாம்." மட்டையை நீட்டினான். "இது உன்னோடது. ஜன்னல்ல வெக்கச் சொன்னது முதலாளி. எனக்கே கூச்சமா இருந்துச்சு."

ஹெக்டர் மட்டையை வாங்கிக்கொள்ளவில்லை. "நீயே வெச்சுக்கோ. பாக்கலாம், அப்ப கடையில வேலை எப்படி இருக்குமோ" என்றான்.

கில்லிஸ் நொண்டிக்கொண்டே ஊர்வலம் பார்க்கப் போனான். தெருமுனையில் அவனைக் கண்டுகொண்டு யாரோ, "அதோ சாம்பியன்" என்று கத்துவதும், கூட்டம் கைதட்டுவதும் கேட்டது. ஒரு மணி நேரத்துக்கு முன்னால் ஊளையிட்ட அதே கூட்டம்.

ஹெக்டர் வராந்தாவுக்கு வந்தான். ஆலிவ் கழுவிய கோப்பைகளைத் துடைத்துக் கூடையில் அடுக்கிக்கொண்டிருந்தாள். அவனுக்காக எடுத்து வைத்திருந்த கேக்குத் துண்டை முன்னால் நகர்த்தினாள்.

"பாத்தியா? ஆறுக்கு மூணு."

"பாத்தேன். கடைசிப் பந்து ரொம்ப அழகா இருந்துச்சு."

அவன் கேக்கைப் பிய்த்தான், தின்னவில்லை.

"கில்லிஸ் என்ன கேட்டான்?"

"சிட்னிக்கு வரியான்னு."

"நீ என்ன சொன்னே?"

"எங்க வரது? கடையில வேலை கிடக்கு. அதுவுமில்லாம..." அவன் கை தானாக வயிற்றுக்குப் போயிற்று.

ஆலிவ் கடைசிக் கோப்பையைத் துணியில் சுற்றிக் கூடையில் வைத்தாள். பிறகு நிமிர்ந்து, கோபமே இல்லாமல், அவன் வயிற்றின் மேல் இருந்த அந்தக் கையைப் பார்த்தாள்.

"சிட்னிக்கு ரயில் போகுது ஹெக்டர்" என்றாள்.